புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா?

கடல்நீர்த் தொட்டியில் வெண்புள்ளி நோய் வந்தால் வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. காலையில் விளக்கைப் போட்டதும் நீல டேங் மீனின் உடம்பிலும் துடுப்பிலும் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள். உடனே கடைக்கு ஒரு போன். அங்கிருந்து பூண்டுச் சாறு வருகிறது, அல்லது ‘பவளத்துக்குப் பாதிப்பில்லை’ என்று அட்டையில் அச்சிட்ட ஒரு மருந்துப் புட்டி, அல்லது மீனின் மேலிருப்பதைப் பொறுக்கித் தின்னும் என்ற நம்பிக்கையில் ஓர் இறால். ஐந்தாம் நாள் பார்த்தால் மீன் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. மருந்து கேட்டுவிட்டது என்று வீடே நிம்மதியாகிறது. இன்னும் இரண்டு வாரம் போவதற்குள் புள்ளிகள் திரும்புகின்றன, இம்முறை எண்ண முடியாத அளவில். மீன் நீர்மட்டத்துக்கு வந்து செவுள் படபடக்க மூச்சு வாங்குகிறது. அளவு போதவில்லை போலும் என்று அதே புட்டி மறுபடி வாங்கப்படுகிறது. இந்த நோய்க்கு எந்த மருந்து சிறந்தது என்ற சண்டை மீன் வளர்ப்போரிடையே ஓய்வதே இல்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மருந்து வேலை செய்தது என்பதற்கு நாம் எதைச் சாட்சியாக வைத்துக்கொள்கிறோம்? புள்ளி மறைந்ததை. அது பொய்ச் சாட்சி. அதை நம்பித்தான் இத்துறையின் பல வைத்தியங்கள் பேர் வாங்கியிருக்கின்றன.

வெண்புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிரி. அதன் வாழ்க்கை பல கட்டமாக நடக்கிறது. அதில் ஒன்றுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து திசுவைத் தின்று வளரும் கட்டம் அது, 3 முதல் 7 நாள் வரை. தின்று கொழுத்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கிவிடுகிறது. சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, கல்லிலோ மணலிலோ நத்தை ஓட்டிலோ ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரிந்து, நாட்கள் கழித்து, நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளாக வெளியே வருகிறது. அந்தக் குஞ்சுகளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்; முதல் சில மணி நேரத்துக்குள் மீன் கிடைக்காவிட்டால் தொற்றும் வலுவே குறைந்துபோகும். மருந்து தொடக்கூடியது இந்தக் குஞ்சுப் பருவத்தை மட்டுமே. தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் காப்பர் மருந்துகூட அசைக்காது. ஆக, நாம் பார்த்துப் பதறும் கட்டம் ஒன்று, மருந்தால் கொல்லக்கூடிய கட்டம் இன்னொன்று. மீனை விட்டு இறங்குவதும் கூட்டைவிட்டு வெளியேறுவதும் இருட்டு வேளையில்தான் பெரும்பாலும் நடக்கின்றன என்று பர்ஜஸ், மாத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள். மீன் தரையோரம் பாறையிடுக்கில் ஒதுங்கித் தூங்கும் நேரம் அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மீனிலிருந்து இறங்கிய 10 புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் 200 குஞ்சுகள் என்றால் 2,000. கடலில் இவை அலையோடு போய்விடும். 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்குப் பத்தாக, தூங்கும் மீனைச் சுற்றியே திரியும். முதல் சுற்றில் சில புள்ளிகளோடு தப்பிய மீன் இரண்டாம் சுற்றில் தாங்காமல் போவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இப்போது பூண்டைப் பார்ப்போம். முதல் நாள் பூண்டு கொடுத்து ஐந்தாம் நாள் புள்ளி போனால், பூண்டுக்கு மதிப்பெண் போடுகிறோம். வெறும் தண்ணீர் கொடுத்திருந்தாலும் ஐந்தாம் நாள் புள்ளி போயிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லலாம். ஆனால் இங்கே பனம்பழம் ஒவ்வொரு முறையும் குறித்த நாளில் விழுகிறது, அதனால்தான் காக்கையின் மேல் சந்தேகமே வருவதில்லை. பூண்டு விஷயத்தில் நம்மவர்களுக்குக் கூடுதல் பாசமும் உண்டு. அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது: ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பூண்டு சேர்த்த தீவனத்தை ஒரு மாதம் தின்ற கொடுவா மீன்களில் நியோபெனிடேனியா என்ற தட்டைப்புழுவின் தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் அது தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும் புழு. நம் வியாதி தோலுக்கடியில் இருக்கும் ஒருசெல் உயிரி. அங்கே கொடுத்தது நோய் வருமுன் பல நாள். இங்கே கொடுப்பது புள்ளி தெரிந்த பிறகு. சுத்தப்படுத்தும் உயிர்களின் புகழும் இப்படிப்பட்டதுதான். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சுத்தப்படுத்தும் ராஸ் மீன் ஒன்று நாளொன்றுக்கு 1,200 அளவில் ஒட்டுண்ணிகளைத் தின்பதாக 1996-இல் கணக்கெடுத்தார்கள். அவை நாத்தீட் எனப்படும், கண்ணுக்குத் தெரிகிற, ஓடுள்ள சிறு பூச்சிகள். தோலுக்குள் புதைந்த ஒருசெல் உயிரியை அந்த ராஸ் கொத்தி எடுக்கும் என்பதற்கு அந்தக் கணக்கு சாட்சியாகாது. இறாலைப் பற்றிய நல்ல ஆய்வும் தட்டைப்புழுவின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் அது தின்பதைத்தான் காட்டியது. தொட்டி நீரை உள்ளே செலுத்திக் கிருமி கொல்லும் யூவி விளக்கு மட்டும் இந்த வரிசையில் சற்று வேறு: அதன் வழியே போகும் குஞ்சு சாகவே செய்யும். ஆனால் நள்ளிரவில் தரையில் வெளிவந்த குஞ்சுக்கும் பக்கத்தில் தூங்கும் மீனுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். கீழே சம்ப் எனப்படும் வடிகட்டும் தொட்டியில் இருக்கும் விளக்கு வரை போய்வர அதற்கு என்ன அவசியம்? நோயின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

பெயர் செய்யும் குழப்பமும் இதில் சேர்கிறது. நன்னீர்த் தொட்டியில் வரும் வெண்புள்ளிக்கும் கடல்நீர்த் தொட்டியில் வரும் வெண்புள்ளிக்கும் ‘இக்’ என்ற ஒரே செல்லப் பெயர். இரண்டும் நெருங்கிய சொந்தம் இல்லை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபின் வகைப்பாட்டில் கடல் உயிரியை வேறு வகுப்பிலேயே வைத்துவிட்டார்கள். தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதும் ஒரே விதமான வாழ்க்கைச் சுழற்சியும் தனித்தனியாக வந்தவை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்ததால் வைத்தியமும் கூடவே வந்துவிட்டது. நன்னீரில் 30 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் ஒட்டுண்ணி திணறும். அதே யோசனையைக் கடல் தொட்டியில் செய்தால், வெதுவெதுப்பான கடலில் பிறந்து வளர்ந்த கிரிப்டோகேரியானுக்கு அது விருந்து. நீரில் பிராணவாயு குறைந்து, ஏற்கெனவே செவுள் புண்ணான மீன்தான் திணறும். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயிலும் இதே கதை. நன்னீர் வெல்வெட்டை உண்டாக்கும் உயிரிக்குப் பச்சையம் உண்டு, அதனால் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்த்தி வைப்பதில் ஏதோ பொருள் இருக்கிறது. கடல் வெல்வெட்டை உண்டாக்கும் அமைலூடினியத்துக்குப் பச்சையம் கிடையாது. முழுக்க முழுக்க மீனைத் தின்று வாழ்வது. அதன் தொட்டியை இருட்டாக்கினால் நடப்பது ஒன்றே ஒன்று: மீனின் நிலை மோசமாவதைப் பார்க்க முடியாமல் போகிறது.

இத்தனை வைத்தியங்களுக்கும் எதிரே நிற்பது, அனுபவசாலிகள் வற்புறுத்தும் ஒரு முறை. எல்லா மீன்களையும் பிடித்து வேறொரு தொட்டிக்கு மாற்றி, அங்கே காப்பர் போன்ற மருந்து கொடுப்பது. பெரிய தொட்டியை மீனே இல்லாமல் வாரக்கணக்கில் தரிசு போடுவது. பவளமும் இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம், அவற்றின் மேல் இந்த ஒட்டுண்ணி வாழாது. நிலத்தைத் தரிசு போட்டால் பயிரை நம்பி வாழும் பூச்சி பட்டினியில் சாவதுபோல், கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சு மீன் கிடைக்காமல் செத்துப்போகும். இந்த முறையின் பெரிய பலம் மருந்தில் இல்லை. புள்ளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய தேவையே இதில் கிடையாது என்பதில் இருக்கிறது. மேலே சொன்ன வைத்தியங்கள் எல்லாம், வியாதி தானே மறையும் நாளில் பெருமை தட்டிக்கொண்டவை. தரிசு முறை மட்டும் ஒட்டுண்ணியின் கண்ணுக்குத் தெரியாத பாதியைக் குறிவைத்துக் கட்டப்பட்டது. அந்த அளவில் இதை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் இதைப் பின்பற்றுவோரிடம் இது ஒரு சடங்காக இறுகிக்கொண்டு வருகிறது. அங்கேதான் குறைகள் தொடங்குகின்றன.

முதல் குறை, தரிசுக்குச் சொல்லப்படும் 76 நாள் என்ற எண். இஸ்ரேலின் எய்லாத் நகரில் பணிபுரிந்த ஏஞ்செலோ கொலோர்னியும், மேலே சொன்ன பர்ஜஸும் 1997-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையில், ஒரே நேரத்தில் உண்டான கூடுகள்கூட ஒரே நேரத்தில் திறப்பதில்லை, 3-ஆம் நாள் முதல் 72-ஆம் நாள் வரை திறக்கலாம் என்று பதிவு செய்திருந்தார்கள். அந்த 72-ஐ ஒட்டித்தான் 76 வந்தது. பெரும்பாலான கூடுகள் முதல் நாலு வாரத்துக்குள் திறந்துவிடும். 72 என்பது வரிசையின் கடைசியில் வந்த சோம்பேறி. தொட்டியை 27 டிகிரியில் வைத்தால் 6 வாரம் போதும் என்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். மறுபக்கம், குளிர்ந்த நீரில் கூடு மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, நீர் வெதுவெதுப்பானதும் விழித்துக்கொண்டதைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. சென்னை வீட்டுத் தொட்டியில் அந்தக் குளிர் வர வாய்ப்பில்லை; எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் அந்தப் பக்கமும் ஏமாறலாம் என்பதற்காகச் சொல்கிறேன். இதைவிடப் பெரிய சிக்கல், இந்த முறை தோற்பதே இல்லை என்பது. 76 நாள் கழித்து நோய் வராவிட்டால் முறை வென்றது. 45 நாளிலேயே முடிந்திருக்குமா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நோய் வந்துவிட்டால், ஈரக் கையோடு தொட்டியைத் தொட்டிருப்பீர்கள், நத்தை ஓட்டில் கூடு வந்திருக்கும், வலையைக் காயவைத்திருக்க மாட்டீர்கள். இவை எல்லாமே நடக்கக்கூடியவை. ஆனால் எந்தத் தோல்வியையும் செய்தவரின் தலையில் கட்டிவிட முடிகிற முறைக்கும், எந்த வெற்றியையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் பூண்டுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் குறைவு.

இருந்தாலும் நாள் கணக்கில் இருக்கும் பிழை யாரையும் கொல்வதில்லை. அதிகம் போனால் நான்கைந்து வாரம் வெற்றுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீனைக் கொல்வது, அந்த நாட்களில் மீன் போய் இருக்கும் இடம். அவசர அவசரமாகக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, புதுத் தண்ணீர் கலக்கி, அன்றே ஐந்தாறு மீன்களை அதில் விட்டால், கழிவை உடைக்கும் பாக்டீரியா அங்கே இருக்காது. ஓரிரு நாளில் அம்மோனியா ஏறும். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல், அந்த நிலையில் அம்மோனியாவில் நச்சான பங்கு நன்னீரைவிட அதிகம். செவுள் ஏற்கெனவே ஒட்டுண்ணியால் கிழிந்திருக்கிறது. அதற்கு மேல் காப்பர். தனி அயனியாகச் சேர்த்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் அதை நிறுத்த வேண்டும். குறைந்தால் குஞ்சு சாகாது, கூடினால் மீன் தாங்காது. வேறொரு பொருளோடு பிணைத்து விற்கப்படும் காப்பருக்கு இலக்கு 10 மடங்குக்கும் மேல், அதை எல்லா டெஸ்ட் கிட்டும் சரியாக அளப்பதில்லை. ஒரு புட்டியின் அளவை இன்னொரு புட்டிக்குப் பயன்படுத்தியதால் செத்த மீன்களைப் பற்றிக் கணக்கெடுத்தவர் யாருமில்லை. தொட்டியில் பவளக் கல்லோ கிளிஞ்சல் மணலோ இருந்தால் அது காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அளந்த அளவு மாலையில் இருக்காது. அம்மோனியாவை அடக்கும் சில நீர்த்திருத்திகளைக் காப்பரோடு சேர்த்தால் காப்பரின் நச்சு ஏறிவிடும். மருந்துப் புட்டியிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும், பதற்றத்தில் யார் படிக்கிறார்கள்? கடைசியில் மீன் செத்தால், ‘இக் வந்து செத்தது’ என்று கணக்கு எழுதப்படுகிறது. புள்ளி மறைந்தது பொய்ச் சாட்சி என்றால், இந்த மரணக் குறிப்பும் அதே ரகம். அம்மோனியா செய்த கொலையை ஒட்டுண்ணி ஏற்றுக்கொள்கிறது. இன்னும் கடுமையாக மருந்து போட வேண்டும் என்ற தவறான பாடம் கற்றுக்கொள்ளப்படுகிறது.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. உப்புநீர்த் தொட்டியில் வரும் ஒட்டுண்ணி எல்லாம் கிரிப்டோகேரியான் அல்ல. வெல்வெட்டை எடுத்துக்கொள்வோம். லண்டனில் 1931-இல் விவரிக்கப்பட்ட அமைலூடினியம் ஒசெல்லேட்டம் ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை விடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். செவுளைத்தான் முதலில் பிடிக்கும். உடம்பில் பொன்தூசு படிந்ததுபோல் தெரிவதற்குள் மீன் பலசமயம் செத்துவிடுகிறது. வெண்புள்ளியில், புள்ளி போன பிறகும் நோய் இருக்கும். வெல்வெட்டில், புள்ளி வரும் முன்பே கதை முடியும். இரண்டிலும் கண் பொய் சொல்கிறது, எதிரெதிர்த் திசையில். வேகமாக மூச்சு விடுவது, நீரோட்டத்துக்கு எதிரே நின்று தலையைக் காட்டுவது, தீனியை விட்டு ஒதுங்குவது ஆகியவைதான் அதன் உண்மையான அறிகுறிகள். க்ளவுன் மீன்களில் அடிக்கடி வரும் புரூக்லினெல்லா 1970-இல்தான் பெயர் பெற்றது. தோலெல்லாம் சளி உரிந்து தொங்கும். காப்பரால் அதை ஒன்றும் செய்ய முடியாது, ஃபார்மலின் வேண்டும். பச்சை க்ரோமிஸ் மீன்களின் விலாவில் சிவந்த புண்ணாகத் தெரியும் யூரோனீமா இன்னும் மோசம். அதற்கு மீனே தேவையில்லை. பாக்டீரியாவையும் அழுகலையும் தின்று தொட்டியில் வருடக்கணக்கில் இருக்க முடியும். அந்தத் தொட்டியை 76 நாள் தரிசு போட்டால், 76 நாளும் அது சுகமாக வாழும். ஒட்டுண்ணிக்கு மீன் கட்டாயம் வேண்டும் என்ற ஒற்றை அடித்தளத்தின் மேல் நிற்கும் முறைக்கு, அந்த அடித்தளமே இல்லாத நோயில் என்ன வேலை? தட்டைப்புழுவின் கதை எளிது: நன்னீரில் 5 நிமிடம் மீனைக் குளிப்பாட்டினால் புழுக்கள் வெளிறிக் கீழே விழும். அந்தக் குளியல் வெண்புள்ளியைக் குணப்படுத்தாது. ஆனால் எந்த நோய் என்று சொல்லிக்கொடுக்கும். பலர் அதை மருந்தாகச் செய்து ஏமாறுகிறார்கள், சோதனையாகச் செய்தால் பயன் அதிகம்.

சோதனை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் 100 மடங்கு மைக்ரோஸ்கோப்பே போதும். அப்போதுதான் செத்த மீனின் செவுளிலிருந்து ஒரு சிறு துணுக்கு, அல்லது உயிருள்ள மீனின் தோலிலிருந்து மெல்ல வழித்த சளி, ஒரு சொட்டு கடல்நீரில் வைத்துப் பார்த்தால், கிரிப்டோகேரியான் பெரிய உருண்டையாக மெதுவாகச் சுழலும். புரூக்லினெல்லா அவரை விதை வடிவில் சறுக்கிக்கொண்டு ஓடும். அமைலூடினியம் அசையாமல், கருத்த பேரிக்காய்போல் செவுளைப் பற்றிக்கொண்டிருக்கும். அலமாரியில் பத்து மருந்துப் புட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரிடம் இந்த ஒரு கருவி இருக்காது. கண்டுபிடிக்கும் முன்பே மருந்தின் பெயரைக் கேட்பது இந்தப் பொழுதுபோக்கின் பழைய வழக்கம். தரிசு முறையும் அதை மாற்றவில்லை, பூண்டின் இடத்தில் காப்பரை வைத்தது, அவ்வளவுதான்.

இந்த முறைக்கு வலுவான எதிர்ப்பு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஒட்டுண்ணியை ஒழிக்கத் தேவையில்லை, மீனுக்கு நல்ல தீனி, சண்டையில்லாத துணை, சுத்தமான நீர் கொடுத்து அதோடு வாழவிடலாம் என்பவர்கள் பலர். வருடக்கணக்கில் அப்படி நடந்துவரும் தொட்டிகள் அவர்களுக்கு ஆதாரம். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க முடியாது. நோயிலிருந்து மீண்ட மீனுக்குச் சில மாதங்கள் எதிர்ப்புச் சக்தி நீடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆய்வகத்தில் ஒரே வம்சத்துக் கிரிப்டோகேரியானைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, 34 சுற்றுக்குப் பிறகு, அதாவது ஒரு வருடத்துக்குள், அது தொற்றும் வலுவை இழந்ததையும் பர்ஜஸும் மாத்யூஸும் 1994-இலேயே கண்டார்கள். புது மீனே சேர்க்காத பழைய தொட்டியில் நோய் தானாக அடங்குவதற்கு இது ஒரு நல்ல விளக்கம். ஆனால் இந்த ஆதாரத்தைச் சொல்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும்: மீன் பிழைத்தவர்கள். மூன்று நாளில் தொட்டி காலியானவர் இந்த வாதத்துக்கு வந்து சேர்வதில்லை, பலர் கடல் தொட்டியையே விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். எதிர்ப்புச் சக்தியும் பழைய மீனுக்குத்தான், அடுத்த மாதம் வாங்கும் புது மீனுக்கு இல்லை. அது அந்தத் தொட்டிக்குள் வந்ததும், பழைய மீனின் செவுளில் ஒன்றிரண்டாக, யார் கண்ணிலும் படாமல் பதுங்கியிருந்த ஒட்டுண்ணிக்கு விருந்தாகும். புது மீன் கொண்டுவரும் புது வம்சம் பழைய மீன்களைப் பிடிக்கலாம். வெல்வெட்டோடு இப்படிச் சமாதானம் செய்துகொள்ள முயன்றவருக்கு அது அவகாசமே கொடுப்பதில்லை. ஆகவே ‘சேர்ந்து வாழலாம்’ என்பது ஒரு நிபந்தனையோடு உண்மை: இன்ன நோய்தான் என்று தெரிந்து, இனி மீன் வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தால். இரண்டாம் பாதியை நிறைவேற்றிய மீன் வளர்ப்பாளர் அபூர்வம்.

அப்படியானால் தனித்தொட்டி ஒரு கொலைக்களம், சேர்ந்து வாழ்வது ஒரு சூதாட்டம் என்று கையை விரித்துவிடலாமா? வேண்டியதில்லை. தனித்தொட்டியின் குறைகளில் பாதி, நோய் வந்தபின் அவசரத்தில் அதை அமைப்பதால் வருகின்றன. அதே தொட்டியை மீன் வாங்கும் முன்பே வைத்து, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் சில வாரம் போட்டு பாக்டீரியா பிடிக்கவைத்து, ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் போட்டு, மணல் இல்லாமல் வைத்திருந்தால் அம்மோனியாவின் கதை மாறிவிடும். இதற்கு மருந்தே தேவைப்படாத வழியும் உண்டு. கொலோர்னி 1987-இல் எழுதிய ஒன்று: கூடு திறக்கக் குறைந்தது 3 நாளாவது ஆகும் என்பதால், ஒவ்வொரு மூன்றாம் நாளும் மீனை முற்றிலும் காய்ந்த, புதுத் தண்ணீர் நிறைத்த வேறொரு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால், மீனிலிருந்து இறங்கியவை பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். இப்படி நாலைந்து முறை. ஒட்டுண்ணியின் நாள்காட்டியை அதற்கு எதிராகவே திருப்பிவிடும் வேலை இது. இரண்டு வாரத்தில் முடிகிறது, காப்பரின் குறுகிய எல்லைக்குள் நடக்க வேண்டியதில்லை. குறையும் உண்டு: வெண்புள்ளிக்கு மட்டும்தான் பயன்படும், உப்புச் செலவு அதிகம், ஒவ்வொரு முறையும் மீனைப் பிடிக்க வேண்டும். உப்பைப் பாதிக்கும் கீழே, ஒப்படர்த்தி 1.009 அளவுக்குக் குறைக்கும் முறையும் இதுபோலத்தான். கிரிப்டோகேரியானின் பெரும்பாலான வம்சங்களுக்குக் கேட்கும், தைவானில் பிரித்தெடுத்த சில வம்சங்கள் தாழ்ந்த உப்பிலேயே வாழ்ந்தன, அமைலூடினியம் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. அடுக்ககத்தில் இருப்பவருக்கு இன்னொரு தலைவலி: வெல்வெட்டின் குஞ்சுகள் காற்றுக் குமிழி வெடித்துத் தெறிக்கும் நுண்துளியிலும் பரவும் என்று ஓர் ஆய்வு காட்டியது, 3 மீட்டர் வரை. தனித்தொட்டியைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக் காற்று பம்ப்பை ஓட்டினால் தனிமை என்பது பேருக்குத்தான்.

இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னொரு விதத்தில் மாறுகிறது. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-இலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. அவற்றை வீட்டில் வைப்பது குற்றம். மேலைநாட்டு அறிவுரைகளில் பாதி, பெரிய தொட்டியில் காப்பர் போட முடியாததற்குச் சொல்லும் காரணம் பவளம்தான். அந்தக் காரணம் இங்கே சட்டப்படி நடக்கும் தொட்டியில் பெரும்பாலும் இல்லை. மணலும் சுண்ணாம்புக் கல்லும் இல்லாமல், மீனை மட்டும் வைத்திருப்பவர் நோய் வந்தால் எல்லா மீனையும் வலைபோட்டுப் பிடித்து இடம் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, அதே தொட்டியில் அளந்து மருந்து கொடுக்கலாம். இங்கிருக்கும் நிலையைப் பார்க்காமல் 76 நாள் தரிசை மனப்பாடமாகச் செய்பவர், மீனைப் பிடிக்கும் அமளியையும் புதுத் தொட்டியின் அம்மோனியாவையும் வீணாக விலைக்கு வாங்குகிறார்.

கடைசியாக, கடை. கடல்மீன்கள் பல கைமாறி வருகின்றன. இலங்கை போன்ற ஏற்றுமதி நாடுகளில் வெவ்வேறு கரைகளில் பிடிபட்டவை ஒரே கிடங்கில் சேர்கின்றன, பிறகு மொத்த வியாபாரி, பிறகு சில்லறைக் கடை. பெரும்பாலான கடைகளில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே சம்ப். ஒரு மீனின் ஒட்டுண்ணி எல்லா மீனுக்கும் பொது. அதனால் பல கடைகளில் அந்தத் தண்ணீரில் நிரந்தரமாகக் கொஞ்சம் காப்பர் ஓடிக்கொண்டிருக்கும், கொல்லும் அளவுக்கு இல்லை, அடக்கி வைக்கும் அளவுக்கு. மீன் பளிச்சென்று இருக்கும், புள்ளி ஒன்றுகூட இருக்காது. வாங்கிய இரண்டாம் வாரம் வீட்டில் வெடிக்கும், வீட்டுத் தண்ணீர்தான் சரியில்லை என்று கடைக்காரர் சொல்வார். கண்ணாடிக்கு அப்பால் புள்ளி இருக்கிறதா என்று குனிந்து தேடுவதைவிட, மீன் நிமிடத்துக்கு எத்தனை முறை செவுளை அசைக்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுவதில் விஷயம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடத் தொட்டிக்குள் விடாமல், 5 மில்லி எடுத்துக் காப்பர் டெஸ்ட் கிட்டில் போட்டுப் பார்க்கலாம். நீலம் ஏறினால், அந்த மீனின் சுத்தமான உடம்பு எதற்கும் அத்தாட்சி இல்லை. தனித்தொட்டியின் நாள்கணக்கை அன்றிலிருந்து முதல் நாள் என்று எழுதித் தொடங்க வேண்டும்.